கடைசி சீட்டில் ஐந்து பேர்

மகனே, சலாம். இந்தக் கவரைப் பார்த்ததும் பேங்க் தபால் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடாதே. கையெழுத்து ஆடினாலும் உன் சாச்சா எழுதியதுதான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ ஓசூரில் இருந்தபடியே "சரி சாச்சா, சரி சாச்சா" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். இல்லாவிட்டால் பேச்சு ருசியில் நானே ஒன்றைப் பத்தாக்கிவிடுகிறேன். காகிதம் என்றால் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். கடிதம் எழுதுவதில் பேட்டையிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது, அது உனக்குத் தெரியும். ஒரு காலத்தில் மாப்பிள்ளைமார் அரபு நாட்டில் இருந்த நூறு குடும்பத்துக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பார், முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. நூறு இல்லை, நாலு குடும்பம். அதிலும் ஒரு வீட்டில் இரண்டாவது கடிதத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இப்படித்தான் திருத்தித் திருத்தி எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டையில் ஒரு கையைக் கழற்றியிருந்தேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். மே மாதம் பள்ளிக்கூட லீவில் உன் மகள் ஹனாவை ஒரு மாதம் இங்கே விடலாம் என்று நீயும் உன் பெண்சாதியும் யோசிப்பதாகச் சொன்னாய். ஏழு வயதுப் பிள்ளை வீட்டில் ஒரு மாதம். உன் சாச்சி என்னை விட்டுப் போய்ச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்ட நாள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் சந்தோஷத்தில் என்ன சொன்னேன் என்றுகூட ஞாபகம் இல்லை. நீ சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"ஆனா ஒரு விஷயம் சாச்சா. நீங்க அவகிட்ட கதை விடக் கூடாது."

"கதை விடாம பிள்ளைகிட்ட என்னலே பேச?"

"அதான் யோசிக்கேன். அனுப்பலாமா, வேண்டாமான்னு."

நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். பைய, ஒவ்வொன்றாகச் சொன்னாய். போன பெருநாளைக்கு வந்தபோது நான் ஹனாவிடம் தாமிரபரணிப் பாலத்துக்கு அடியில் பிளேன் ஓட்டியதாகச் சொன்னேனாம். அலமாரி மேல் இருக்கிற நம் பொம்மைப் பிளேனுக்குள் அவளும் பித்தளைப் பொம்மையாக, பைலட்டாக உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னேனாம். அவள் அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், அவள் ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறாள், இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டாளாம். கடைசியாகச் சொன்னாய்: "எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்க வேண்டாம் சாச்சா."

அதுவரைக்கும் நீ அதை மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகும் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகக் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது மகனே. பொய்யைச் சுமந்து திரிகிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும், யாரிடம் எதைச் சொன்னோம் என்று. எனக்கு அது தேய்ந்துகொண்டு வருகிறது, உடம்பும் அசந்துவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், தெரியாததும் வரும். இரண்டையும் சேர்த்து முதலில் இருந்து எழுதினால்தான் எனக்கு வரிசை பிடிபடும்.

உன் உம்மா மவுத்தாகி மண்ணுக்குப் போனபோது உனக்கு மூன்று வயது. உன் வாப்பா நாற்பது நாள் வீட்டில் இருந்துவிட்டுத் சவூதிக்கு, தம்மாமுக்குத் திரும்பிப் போனார். போகாவிட்டால் வேலை போய்விடும். எனக்கும் உன் சாச்சிக்கும் பிள்ளை கிடையாது. அண்ணன் மகன் என்றால் நமக்கும் மகன்தானே, அதனால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நீ என் தோளில் ஏறிக்கொண்டாய், அவ்வளவுதான். ஒரு நாள் குறுக்குத்துறை ஆற்றில் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து வயது இருக்கும். வெகு உயரத்தில் ஒரு பிளேன் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு போனது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"சாச்சா, வாப்பா அதுலயா போனாங்க?"

"ஆமாலே."

"அது விழுந்துருமா?"

"விழாது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினாய். அழுகை கண்ணுக்கு வந்துவிட்டது. நுரையும் சேர்ந்து எரிந்திருக்கும். அப்போதுதான் என் வாயில் வந்தது: "எனக்குத் தெரியாதா? நான் பெங்களூர்ல பிளேன் செஞ்சவன்லா. அது நான் செஞ்சது. எப்படிலே விழும்?"

நீ அழுகையை நிறுத்தினாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கால் முதல் தலை வரை ஒரு பார்வை பார்த்தாய். அப்படி என்னை அதற்கு முன்னாலும் யாரும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் தப்பு அங்கேதான் தொடங்கியது. சொன்னதுகூடப் பெரிய தப்பில்லை, பிள்ளை அழுகையை நிறுத்தச் சொன்னது. மறுநாளும், அதற்கு மறுநாளும் அதை வளர்த்தேன் பார், அதுதான் தப்பு.

உண்மையை இப்போது எழுதிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினேன். பிளேன் செய்கிற கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அதில் நான் வடை போட்டேன், தம்ளர் கழுவினேன். நாலு மாதம். உன்னிடம் நாலு வருஷம் என்று சொல்லியிருக்கிறேன். கம்பெனி ஆட்கள் டீ குடிக்க வருவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டு இரண்டு மூன்று வார்த்தை பொறுக்கிக்கொண்டேன். சுவருக்கு மேலே அவ்வப்போது ஒரு பிளேன் ஏறும், வடைச்சட்டியை விட்டுவிட்டுப் பார்ப்பேன். அதற்கு மேல் எனக்கும் பிளேனுக்கும் சம்பந்தம் கிடையாது. மஞ்சள் காமாலை வந்து ஊருக்குத் திரும்பி, பேட்டையில் லேத்துப் பட்டறையில் சேர்ந்தேன். அந்த வேலை மட்டும் பொய் இல்லை. லேத்தில் என் கை எப்படி என்று உனக்கே தெரியும். அதை நான் சொன்னால் பீற்றல் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

உனக்கு ஆறு வயதில் உன் வாப்பா லீவில் வந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். மூடியில் வெள்ளைப் பிளேன் ஒன்று மேகத்துக்கு மேல் போகிற படம். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கை, வால், சக்கரம் எல்லாம் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. கூட ஒரு பசைக்குழாய், நாலாக மடித்த ஒரு பெரிய பேப்பர். உன் வாப்பா அதை என் மடியில் வைத்து, "நீதான் பெங்களூர்ல பிளேன் செஞ்சவனாமே. இவனுக்கு இதச் செஞ்சு குடு" என்றார். அவருக்கு டீக்கடை விஷயம் தெரியும். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல் சொன்னார். அதுதான் அவருடைய குசும்பு. ஆனால் உன் எதிரில் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதற்கு நான் இன்றைக்கும் அவருக்காக துஆச் செய்கிறேன்.

பெட்டியின் மூலையில் ஒன்றின் கீழ் நூற்று நாற்பத்துநாலு என்று போட்டிருந்தது. நான் ஆறாம் வகுப்பு தாண்டாதவன், ஆனால் எண் என்றால் எனக்குப் பயம் கிடையாது. நிஜப் பிளேனில் நூற்று நாற்பத்துநாலு அடி இருந்தால் இதில் ஒரு அடி, அங்குலம் என்றால் அங்குலம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீ உடனே கேட்டாய்: "அப்ப நான் இதுக்குள்ள எம்புட்டு இருப்பேன்?" உன்னைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்தேன். மூன்றே முக்கால் அடி. வகுத்துப் பார்த்தால் எட்டு மில்லி. நான் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. "எட்டு மில்லின்னா எப்படி இருக்கும்?" என்றாய். அதை வாயால் எப்படிச் சொல்ல? மறுநாள் பட்டறையில் மூன்று மில்லி பித்தளைக் கம்பியை எடுத்து, தலை, கழுத்து, உடம்பு என்று உன்னைக் கடைந்தேன். பிறகு உன் வாப்பா, நான், சாச்சி. சாச்சியைத் துப்பட்டி போர்த்தினாற்போலக் கூம்பாக இறக்கினேன். முதலாளி அண்ணாச்சி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"என்னவே, பட்டறையில தாயக்கட்டைக் காயா கடையுதீரு?"

"இல்ல அண்ணாச்சி, குடும்பத்தக் கடையுதேன்."

"பெரியவங்க எல்லாம் ஒரே உயரமா இருக்கு?"

"நீங்க வெர்னியர் வச்சு அளந்து பாருங்க. கால் மில்லி கால் மில்லியா மாறும்."

அவர் உண்மையிலேயே வெர்னியர் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் நாலு பேரையும் உன் உள்ளங்கையில் வைத்தேன். நீ எண்ணிப் பார்த்துவிட்டு, "உம்மா?" என்று கேட்டாய். எனக்கு அது தோன்றவே இல்லை பார். சாச்சி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். மறுநாள் ஐந்தாவது ஆளைக் கடைந்தேன். உன் உம்மாவின் உயரம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சாச்சிதான், "என் காதுக்கு வருவா" என்று சொன்னாள்.

இனி அந்தப் பேப்பர் விஷயம். அது எப்படிச் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிற பேப்பர். முழுக்க இங்கிலீஷ். நீ அதை விரித்து, "இதுல என்ன போட்டிருக்கு சாச்சா?" என்றாய். அதற்குப் பிறகு நீ வாசிக்கச் சொல்வாய் என்று பயந்தேன். பெங்களூரில் பிளேன் செய்தவனுக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியாதா என்று ஆகிவிடும் அல்லவா. "இது கத்துக்குட்டிங்களுக்குப் போட்ட பேப்பர்லே. நமக்கு எதுக்கு?" என்று சொல்லி, பசை சிந்தாமல் இருக்கட்டும் என்று அதைத் தரையில் குப்புற விரித்துவிட்டேன். அதன் மேல் உட்கார்ந்துதான் நாம் ஒன்பது நாள் அந்தப் பிளேனைச் செய்தோம்.

அந்த ஒன்பது நாளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் பட்டறை விட்டு வருவதற்குள் நீ கைகால் கழுவி, அரத்தையும் பிளேடையும் வரிசையாக எடுத்து வைத்திருப்பாய். ஒவ்வொரு துண்டையும் சட்டத்தில் இருந்து வெட்டி, முக்கோண அரத்தால் ராவி, நீ உதட்டில் வைத்துத் தடவிப் பார்த்து "மொழுக்குன்னு இருக்கு" என்று சொன்ன பிறகுதான் ஒட்டுவோம். இறக்கை சேருகிற இடத்தில் ஒரு தலைமுடி நுழையாது. இன்றைக்கும் நுழையாது, நேற்று பார்த்தேன். உடம்பு இரண்டு பாதியாக இருந்தது. மூடுவதற்கு முன்னால் கேட்டேன்:

"அஞ்சு பேரும் எங்கன உக்காரணும்லே?"

"கடைசி சீட்டுல."

"முன்னால உக்காந்தா ஆகாதா? காத்து வரும்."

"முன்னால ரெண்டு ரெண்டு பேருதான் சாச்சா. கடைசி சீட்டுலதான் எல்லாரும் ஒண்ணா உக்காரலாம்."

டவுன் பஸ்ஸில் நாம் எப்போதும் அப்படித்தானே போவோம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஐந்து பித்தளை ஆட்களையும் வாலுக்குப் பக்கத்தில், கடைசி ஜன்னலுக்கு நேரே பசை வைத்து உட்கார வைத்தோம். நீ நடுவில், உன் உம்மாவுக்கும் சாச்சிக்கும் இடையில். மூடினோம், சில்வர் பெயிண்ட் அடித்தோம், சக்கரம் வைத்தோம். காய்ந்த பிறகு தரையில் இறக்கி வைத்தால், மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது. நீ மூக்கை அமுக்கினாய், விட்டாய், மறுபடி உட்கார்ந்தது. என்னைப் பார்த்தாய். அந்த இடத்தில் "தெரியலையே" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். "ஏலே, இது கிளம்பப் போற பிளேன். அதான் மூக்கத் தூக்குது. பெங்களூர்ல எல்லாம் இப்படித்தான் நிக்கும்" என்று சொன்னேன். நீ கை தட்டினாய்.

அடுத்த வருஷம் உன் வாப்பாவை அழைக்க வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போனோம். ஏர்போர்ட் வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் எல்லாப் பிளேனும் மூன்று சக்கரத்தில் சமமாக நிற்கிறது. நீ என் வேட்டியை இழுத்தாய். "அதெல்லாம் வந்து இறங்குன பிளேன்லே, அசந்து போய் நிக்கி. நம்மது கிளம்புற பிளேன்" என்றேன். அதையும் நம்பினாய். ஒரு பொய்க்கு ஒட்டுப்போட இன்னொரு பொய்; எனக்கு அதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. இன்றைக்கு எழுதும்போதுதான் கை வலிக்கிறது.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அந்தப் பிளேனைக் கொண்டுபோனபோது நீ ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதே இல்லை. கேட்காததற்குக் காரணம், நடந்தது எனக்கே தெரியும். நான் அங்கே இருந்தேன் மகனே. இந்தக் கடிதத்தையே இந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உங்கள் வகுப்பு வாசலில் நின்றேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் நின்றாய். வாத்தியார் பிளேனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டே, இது வால ஊனி உக்காந்திருக்கு?"

"கிளம்பப் போவுது சார்."

"கிளம்புறதுக்கும் முதல்ல மூணு சக்கரத்துலதான்டே ஓடணும். எடை எங்கயோ தப்பா இருக்கு, பாரு."

"தப்பு இல்ல சார். எங்க சாச்சா பெங்களூர்ல பிளேன் செஞ்சவங்க."

வாத்தியார் நல்ல மனுஷன், அதோடு விட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய வகுப்புப் பையன்தான், "பெங்களூர்ல வடை செஞ்சிருப்பாரு" என்றான். வாயில் வந்ததைச் சொன்னான், அவனுக்கு என்னைத் தெரியவே தெரியாது. அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ காது சிவக்க நின்றுகொண்டு, "இல்ல, செஞ்சாங்க, செஞ்சாங்க" என்று இரண்டு தடவை சொன்னாய். நான் இரண்டு எட்டு வைத்து உள்ளே வந்து, "தப்பு என்னுடையது" என்று சொல்லியிருந்தால் போதும். நான் பின்வாங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, அப்படியே பின் கேட் வழியாகப் போய்விட்டேன். உன் குரல் தொட்டி வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் நீ வந்து, பிளேனை அலமாரி மேல் எட்டி வைத்துவிட்டு, கைகால் கழுவிச் சாப்பிட்டாய். அதற்குப் பிறகு உன்னைப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் 'பெங்களூரு' என்றுதான் கூப்பிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். உன் வாப்பா அடுத்த லீவில் இன்னொரு பெட்டி கொண்டுவந்தபோது, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுங்க வாப்பா" என்றாய். சாச்சி என்னைப் பார்த்தாள். அவள் என்னிடம் அன்றைக்குச் சொன்னது: "பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லுங்க, தப்பு ஒங்களோடதுன்னு. அவன் கேக்கமாட்டான், ஆனா காத்துக்கிட்டு இருக்கான்."

"நாளைக்குச் சொல்லுதேன்."

"ஒங்க நாளைக்கு எனக்குத் தெரியாதா?"

நாளைக்கு நாளைக்கு என்று நான் இழுப்பதற்குள் உன் வாப்பா வேலையை விட்டு வந்து, அவரும் போய்ச் சேர்ந்தார். சாச்சியும் போய்விட்டாள். சொல்ல வேண்டியவனும் கேட்க வேண்டியவனும் மட்டும் மிச்சம்.

இப்போது நீ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாய். ஒரு நூல் அளவு பிசகினாலும் தள்ளிவிடுவாய் என்று உன் பெண்சாதி சொன்னாள். பெருமையாக இருக்கிறது, ஆனால் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். பெருநாளன்று ஹனா, நிலா ஏன் நம்ம கூடவே வருகிறது என்று கேட்டதற்கு, நீ தூரக் கணக்கு சொன்னாய். பிள்ளை பாதியில் தூங்கிவிட்டது. உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் வயதுக்கு ஒரு உரிமை உண்டு. அவள் கேட்பது உனக்குத் தெரியாவிட்டால், நீ உடனே போனைத் திருப்பிக்கொண்டு ஒளித்துத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாய். அதைப் பார்த்தேன். அதுவும் என் வியாதிதான் மகனே, கையில் இருக்கிற சாமான்தான் வேறு. தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். பிள்ளை அதனால் நம்மைக் குறைவாக நினைக்காது. நினைக்கும் என்று பயந்து ஒரு ஆயுசைக் கழித்தவன் சொல்கிறேன்.

நீ போன் செய்த மறுநாள், சாச்சியின் அலமாரித் தட்டைத் துடைக்கலாம் என்று சேலைகளை எடுத்தேன். தட்டில் விரித்திருந்த பழைய பேப்பர் விறைப்பாக இருந்தது. திருப்பினால், நாம் தரையில் விரித்த அதே பேப்பர். பசைச் சொட்டெல்லாம் மஞ்சளாகிக் கல்லுப்போல் இருக்கிறது. அவள் எறியவில்லை, இத்தனை வருஷமும் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு முதன்முறையாக அதைப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. முதல் கட்டத்திலேயே படம் போட்டிருக்கிறது. பிளேனின் மூக்குக்குள் ஒரு குண்டு, அதற்கு நேரே ஒரு அம்பு. உடம்பை மூடுவதற்கு முன்னால் மூக்கில் எடை வைக்க வேண்டும். அவ்வளவுதான். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதால் அது கெடவில்லை. தெரியவில்லை என்று நீ பார்த்துவிடுவாய் என்று பயந்து குப்புறப் போட்டேன், அதனால்தான் கெட்டது.

பிளேனை இறக்கி, மூக்கின் மேல் ஒரு பழைய நட்டை வைத்தேன். பைய இறங்கி மூன்று சக்கரத்தில் நின்றது. நட்டை எடுத்தேன், வாலில் உட்கார்ந்தது. ஐந்தாறு தடவை இப்படியே செய்தேன். பிறகு கடைசி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து பேரும் அப்படியே இருக்கிறார்கள், பித்தளை கொஞ்சம் கறுத்திருக்கிறது. அதில் மூன்று பேர் இப்போது இல்லை. பெருநாளைக்கு ஹனா அந்த ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க தாத்தா?" என்று கேட்டாள். "நீதான் பைலட். முன்னால இருக்க, வெளியத் தெரியாது" என்று சொன்னேன். மூக்குப் பக்கம் வெறும் காற்றுதான் இருக்கிறது. அதை நம்பித்தான் அவள் வகுப்பில் எழுந்து நின்றிருக்கிறாள்.

அவளுக்கு ஒரு ஆளைக் கடைந்து, நீங்கள் வருவதற்குள் உள்ளே வைத்து ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் அந்த யோசனையும் வந்தது, மறைக்கவில்லை. அது பழைய வேலை. வேண்டாம். நீ அவளை அனுப்பினால், வந்த முதல் நாளே, "நீ உள்ளே இல்லம்மா, தாத்தா பொய் சொன்னேன்" என்று சொல்லிவிடுவேன். பாலத்துக்கு அடியில் நான் ஓட்டியது வாடகை சைக்கிள், கோடையில் தண்ணீர் இல்லாத இடத்தில் என்றும் சொல்லுவேன். அழுவாள், சடையைப் பிடித்து இழுக்க எனக்குச் சடை இல்லை. பிறகு அவள் பேப்பரை வாசிக்கட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டின இடத்தைப் பைய அறுத்துத் திறப்போம். பின்னால் இருப்பவர்களை அசைக்க வேண்டியதில்லை, அவர்கள் ஒன்றாகவே இருக்கட்டும். முன்னால் எடை வைத்தால் போதும் என்று படத்தில் இருக்கிறது. ஹனா ஒருத்தியின் எடை போதாது, ஒரு பித்தளைத் துண்டை வைத்து அதையும் பார்த்துவிட்டேன். நட்டும் சேர்த்து வைக்க வேண்டும். கதை சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் இது கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் சொல்லுவேன். அதற்கு நீ சம்மதித்தால் போதும். சம்மதிக்காவிட்டாலும் உன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

பட்டறையில் கேட்டு மூன்று மில்லி பித்தளைக் கம்பி ஒரு சாண் வாங்கி வைத்திருக்கிறேன். கை ஆடுகிறது, இரண்டு மூன்று வீணாகும். பேப்பரைத் தரையில் விரிக்கவில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டலாம் என்று இருக்கிறேன், அவள் கண்ணுக்கு நேராக. ஆனால் அவள் இப்போது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. பெருநாளுக்குப் பிறகு வளர்ந்திருப்பாள். அவளைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்து எழுது. நூற்று நாற்பத்துநாலால் நான் வகுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் சாச்சா